நேர்காணல் முடிந்தும் பதில் இல்லை: மருத்துவக் கல்லூரிக்கு மகள் உறுதிக் கடிதம் எழுதலாமா?

எடிசன் அம்மா | 2026 ஜனவரி 11

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அக்டோபர் நடுவில் ஒரு கல்லூரியின் நேர்காணல் காணொளி வழியாக நடந்தது. இரண்டு பேராசிரியர்கள் தனித்தனியே பேசினார்கள். முடிந்ததும் அறையைவிட்டு வெளியே வந்தவள், "நான் படிக்க வேண்டிய இடம் இதுதான் அம்மா" என்றாள். அதன் பிறகு அந்தக் கல்லூரியிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அனுமதியும் இல்லை, நிராகரிப்பும் இல்லை, காத்திருப்புப் பட்டியல் என்றும் சொல்லவில்லை.

இதற்கிடையில் டிசம்பரில் வேறொரு கல்லூரி இடம் கொடுத்துவிட்டது. நல்ல கல்லூரிதான். கையில் ஓர் இடம் இருக்கிறது என்ற நிம்மதி எங்களுக்கு இருக்கிறது. ஆனால் அவள் மனம் முதல் கல்லூரியைவிட்டு நகரவில்லை.

அவளுடைய தோழிகள் "லெட்டர் ஆஃப் இன்டென்ட் அனுப்பு" என்கிறார்கள். அதாவது, இடம் கொடுத்தால் கட்டாயம் சேர்வேன் என்று எழுதிக்கொடுக்கும் கடிதம். எனக்கு இது முற்றிலும் புதிது. தமிழ்நாட்டில் என் அண்ணன் மருத்துவம் சேர்ந்த காலத்தில் கட் ஆஃப், தரவரிசை, கவுன்சிலிங், அவ்வளவுதான். விருப்பத்தைக் கடிதத்தில் எழுதிக் கேட்கும் வழக்கமே கிடையாது. இங்கே எழுதினால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடுமோ, எழுதாவிட்டால் அக்கறையில்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று இரண்டு பக்கமும் கவலை. எழுதலாமா, எப்போது, எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓஹாயோ குடும்ப மருத்துவர் | ஜனவரி 11

சகோதரி, நான் பல ஆண்டுகள் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் உறுப்பினராக இருந்தவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், இந்த மௌனத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் நேர்காணலைத் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை நடத்துகின்றன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சியின் நெறிமுறைப்படி அக்டோபர் 15க்கு முன்பு வழக்கமான விண்ணப்பதாரர் யாருக்கும் அனுமதி அறிவிக்கக் கூடாது. மார்ச் 15க்குள் முதலாண்டு இடங்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் அனுமதிகள் போயிருக்க வேண்டும். சில கல்லூரிகள் வாரந்தோறும் முடிவைச் சொல்லும். சில கல்லூரிகள் எல்லாரையும் நேர்காணல் செய்து முடித்து மார்ச்சில் ஒரே நாளில் சொல்லும். உங்கள் மகளின் கல்லூரி எந்த வகை என்று முதலில் பாருங்கள். இரண்டாம் வகையாக இருந்தால் இந்த மௌனத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

அடுத்து, கடிதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேர்காணல் முடிந்த ஓரிரு நாளில் போவது நன்றிக் கடிதம். அது மரியாதை, அவ்வளவே. விண்ணப்பம் அனுப்பிய பிறகு நடந்தவற்றைச் சொல்வது புதுத்தகவல் கடிதம். ஆம்காஸில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகு முகவரி, கூடுதல் பரிந்துரைக் கடிதம் போன்ற சிலவற்றைத் தவிர எதையும் மாற்ற முடியாது. ஜூனில் எழுதிய விண்ணப்பத்தை ஜனவரியில் குழு வாசிக்கும்போது அந்தப் பெண் இடையில் செய்த எதுவும் அதில் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் புதுத்தகவல் கடிதத்தின் வேலை. ஆர்வக் கடிதம் என்பது "உங்கள் கல்லூரியில் எனக்கு இன்னமும் ஆர்வம் இருக்கிறது" என்று சொல்வது. பல கல்லூரிகளுக்கு இதை அனுப்பலாம். உறுதிக் கடிதம் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் போகும். "அனுமதித்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவேன்" என்ற வாக்கு அதில் இருக்கும்.

எதை எழுதுவதாக இருந்தாலும், அதற்கு முன் அந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தை வரி விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். சில கல்லூரிகள் நேர்காணலுக்குப் பின் எதையும் ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். சில, தங்கள் போர்ட்டலில் அதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கும். சில, காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களிடம் மட்டும் வாங்கும். வேண்டாம் என்ற கல்லூரிக்கு மிகச் சிறந்த கடிதத்தை அனுப்பினாலும், "சொன்னதைக் கேட்காதவர்" என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

கடிதத்தை மகளே எழுதி அனுப்ப வேண்டும். பெற்றோர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைக்கவே கூடாது. நாளை நோயாளியிடம் தனியாக நின்று பேசப் போகிறவர் அவர்தான்.

ஃப்ரீமான்ட் அப்பா | ஜனவரி 12

டாக்டர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் மகன் போன ஆண்டு நேர்காணல் நடந்த கல்லூரிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதினான். யாரும் பதில் போடவில்லை, எதுவும் மாறவில்லை. கடைசியில் கடிதமே எழுதாத அந்த ஒரு கல்லூரியில்தான் இடம் கிடைத்தது. மதிப்பெண், எம்கேட் நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்த பிறகு காகிதத்தில் ஆசையைச் சொல்வதால் குழு மனம் மாறும் என்று நான் நம்பவில்லை. 2021 சேர்க்கையில் 62 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், சேர்ந்தவர்கள் 22,666 பேர். இந்தக் கூட்டத்தில் யாருடைய கடிதத்தை யார் உட்கார்ந்து வாசிக்கப் போகிறார்கள்? பிள்ளைகளுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

என் மனைவியின் உறவினர் ஒருவர் ஒரு கல்லூரி மருத்துவமனையில் இருதய நிபுணர். அப்படி யாராவது உள்ளே இருந்தால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்வது கடிதத்தைவிடப் பலன் தரும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் ஆண்டு மாணவி | ஜனவரி 12

எடிசன் ஆன்ட்டி, நான் பதின்மூன்று வயது வரை கோயம்புத்தூரில் படித்தவள். இப்போது மருத்துவம் மூன்றாம் ஆண்டு. இன்று நான் படிக்கும் கல்லூரி என்னை முதலில் காத்திருப்புப் பட்டியலில்தான் வைத்தது. ஏப்ரலில் உறுதிக் கடிதம் அனுப்பினேன், மே மாதம் இடம் வந்தது. கடிதத்தால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இடம் வந்ததைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தவர், நான் கடிதத்தில் எழுதியிருந்த இலவச மருத்துவ முகாமைப் பற்றித்தான் முதலில் பேசினார். யாரோ வாசித்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

ஃப்ரீமான்ட் அங்கிளுக்கு ஒன்று: 62 ஆயிரம் பேரும் கடிதம் எழுதுவதில்லை. நேர்காணல் வரை வந்தவர்கள் ஒரு கல்லூரிக்குச் சில நூறு பேர்தான். அந்தக் கட்டத்தில் கோப்புகளை மறுபடியும் எடுத்து வாசிக்கிறார்கள்.

ஓஹாயோ குடும்ப மருத்துவர் | ஜனவரி 12

ஃப்ரீமான்ட் நண்பரின் ஐயம் நியாயமானது. ஆகவே உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். முதல் வாக்கெடுப்பில் கடிதம் யாரையும் மேலே தூக்காது. நேர்காணலில் தடுமாறியவரைக் காப்பாற்றாது. கடிதத்துக்கு எடை வருவது விளிம்பில்தான்: இரண்டு பேர் ஏறக்குறைய சமமாக நிற்கும்போதும், மே மாதம் ஓர் இடம் காலியாகும்போதும்.

மே மாதத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அனுமதி பெற்றவர்கள் ஏப்ரல் 30க்குள், கையில் இருக்கும் இடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஏஏஎம்சி இணையதளத்தில் அதை 'பிளான் டு என்ரோல்' (சேரத் திட்டம்) என்று குறிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் பலர் விலகுவார்கள். சேர்க்கை முதல்வர் காத்திருப்புப் பட்டியலைத் திறப்பார். முதலாம் ஆண்டு தொடங்கச் சில வாரங்களே இருக்கும் நிலையில், வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒருவருக்கு இடம் கொடுத்து, அவர் யோசித்து மறுத்து, பிறகு அடுத்தவரைத் தேடுவது பெரும் தலைவலி. "அழைத்தால் வருவேன்" என்று எழுதிவைத்தவரின் கோப்பு அங்கே கண்ணில் படும். தரவரிசை போட்ட பட்டியல் வைத்திருக்கும் கல்லூரிகளில் இதற்கு இடம் குறைவு. தரவரிசை போடாமல், அப்போதைய தேவையைப் பார்த்து எடுக்கும் கல்லூரிகளில் நிறையவே இடம் உண்டு.

உறவினரை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்வதைப் பற்றி: தயவுசெய்து வேண்டாம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எல்சிஎம்இ அமைப்பின் விதிகளில் 10.2 என்ற பிரிவு இதற்காகவே இருக்கிறது. இறுதி முடிவு சேர்க்கைக் குழுவினுடையது, அதில் வாக்களிப்போரில் பெரும்பான்மையினர் ஆசிரியர்களாக இருக்க வேண்டும், அரசியல் அல்லது பணச் செல்வாக்கு முடிவைத் தொடக் கூடாது. அந்த நிபுணர் மாணவரோடு வேலை செய்திருந்தால் முறையான பரிந்துரைக் கடிதம் எழுதட்டும், தவறில்லை. மாணவரைத் தெரியாத ஒருவர் வந்து சொல்லும் வார்த்தையை நான் இருந்த குழுவில் யாரும் விரும்பியதில்லை. அது அந்தப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

எடிசன் அம்மா | ஜனவரி 13

எல்லாருக்கும் நன்றி. இணையதளத்தைப் பார்த்துவிட்டோம். அந்தக் கல்லூரி புதுத்தகவல் கடிதத்தைப் போர்ட்டல் வழியாக ஒருமுறை மட்டும் ஏற்கும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முடிவுகளை மார்ச் வரை தொகுதி தொகுதியாகச் சொல்வார்களாம்.

மகள் ஒரு வரைவு எழுதியிருக்கிறாள். அவள் அனுமதியோடு தமிழில் சொல்கிறேன்:

"மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுவினருக்கு, உலகப் புகழ்பெற்ற உங்கள் கல்லூரிக்கு என்னை நேர்காணலுக்கு அழைத்தமைக்கு நன்றி. மருத்துவராக வேண்டும் என்பது சிறுவயது முதல் என் கனவு. உங்கள் உயர்ந்த கல்வித் தரமும் ஆராய்ச்சி வாய்ப்புகளும் பன்முகத்தன்மையும் என்னை மிகவும் கவர்ந்தன. எனக்கு ஏற்கெனவே வேறொரு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆயினும் உங்கள் கல்லூரி என் முதன்மையான விருப்பங்களில் ஒன்று. என் விண்ணப்பத்தைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்."

எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. உங்கள் கருத்து?

மூன்றாம் ஆண்டு மாணவி | ஜனவரி 13

ஆன்ட்டி, மனம் நோகாமல் கேளுங்கள். கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டாலும் இந்தக் கடிதம் அப்படியே பொருந்தும். அதுதான் இதன் குறை. கல்வித் தரம், ஆராய்ச்சி, பன்முகத்தன்மை என்ற மூன்றும் எல்லாக் கல்லூரிகளின் முகப்புப் பக்கத்திலும் இருக்கின்றன. "விருப்பங்களில் ஒன்று" என்ற வரி இன்னும் மோசம். அதை வாசிப்பவர், "அப்படியானால் முதல் விருப்பம் வேறு கல்லூரி" என்று புரிந்துகொள்வார்.

தங்கையிடம் நேர்காணல் நாளை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் என்ன கேட்டார்கள்? அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது எது? மாணவர்கள் எதைப் பெருமையாகச் சொன்னார்கள்? எம்எம்ஐ எனப்படும் குறுநேர்காணல் முறை என்றால் ஒவ்வொரு அறைக்கும் ஒருவர், ஒரு சூழல், சில நிமிடங்கள் என்று ஓடிவிடும், பிடித்துக்கொள்ள அதிகம் கிடைக்காது. இவளுக்கு இரண்டு நீண்ட உரையாடல்கள் நடந்திருக்கின்றன. கடிதத்துக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கும்.

ஜூனுக்குப் பிறகு அவள் புதிதாக என்ன செய்தாள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

எடிசன் அம்மா | ஜனவரி 14

கேட்டேன். கேட்டதும் ஒரு மணி நேரம் பேசினாள்!

இங்கே எங்கள் ஊர்த் தன்னார்வ ஆம்புலன்ஸ் படையில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறாள். செப்டம்பரிலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவளிடம் வந்திருக்கிறது. இந்த இடைவெளி ஆண்டில் சிறுநீரக நோய் ஆய்வகத்தில் வேலை. நவம்பரில் ஒரு மாநாட்டில் போஸ்டர் வைத்தார்கள், அதில் அவள் பெயர் இரண்டாவது. இவை எதுவும் விண்ணப்பத்தில் இல்லை.

நேர்காணலில் ஒரு பேராசிரியர் டயாலிசிஸ் மையம் ஒன்றைப் பற்றிச் சொன்னாராம். அங்கே வருபவர்களில் பலர், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து, அவசரச் சிகிச்சைப் பிரிவில் வந்து விழுந்த பிறகுதான் தங்களுக்கு நோய் இருப்பதையே தெரிந்துகொண்டவர்கள். மாணவர்கள் நடத்தும் இலவச மருத்துவமனை அதற்காகவே ஒரு பரிசோதனைத் திட்டம் தொடங்கியிருக்கிறதாம். ஆம்புலன்ஸில் அப்படிப்பட்டவர்களை ஏற்றிச் சென்றவள் இவள். அதனால்தான் அந்தக் கல்லூரி இவளை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கே இது இன்றுதான் தெரியும்.

ஓஹாயோ குடும்ப மருத்துவர் | ஜனவரி 14

சகோதரி, கடிதம் கிடைத்துவிட்டது. நீங்கள் இப்போது எழுதிய இரண்டாவது பத்தி இருக்கிறதே, அதை அவள் தன் வார்த்தைகளில் எழுத வேண்டும். முதல் வரியில் யார், எந்த நாளில் நேர்காணல் என்பது. அடுத்து அந்த உரையாடல். அதன் பிறகு புதிய பொறுப்பும் போஸ்டரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி. போஸ்டரை "வெளியீடு" என்று எழுத வேண்டாம், போஸ்டர் போஸ்டர்தான். ஆய்வுக் கட்டுரை அனுப்பப்பட்டிருந்தால் "அனுப்பியிருக்கிறோம்" என்றுதான் எழுத வேண்டும். இந்த இடத்தில் பிள்ளைகள் சற்றே ஊதிப் பெரிதாக்குவதுண்டு. சரிபார்த்துக் கேட்டால் நிற்க முடியாத சொல் எதுவும் கடிதத்தில் இருக்கக் கூடாது.

வேறு கல்லூரியில் இடம் இருப்பதைச் சொல்வதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்து: தேவையில்லை. சொன்னால் நெருக்குவதுபோல் ஒலிக்கும். அப்படிச் சொல்ல வேண்டியிருந்தாலும் கல்லூரியின் பெயர் வரக் கூடாது.

உறுதி வார்த்தை எழுதுவதா என்பது தனிக் கேள்வி. அதை அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

ஃப்ரீமான்ட் அப்பா | ஜனவரி 15

எல்சிஎம்இ விதி எனக்குத் தெரியாது. அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் உறுதிக் கடிதத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன், யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். கல்லூரி எந்த வாக்கும் தருவதில்லை. பிள்ளை மட்டும் ஏன் தன்னைக் கட்டிப்போட வேண்டும்? உதவித்தொகை எவ்வளவு என்றே தெரியாத நிலையில் "கட்டாயம் வருவேன்" என்று இருபத்துமூன்று வயதுப் பிள்ளை எழுத வேண்டுமா? இந்த ஆண்டு இது இன்னும் பெரிய கேள்வி. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. படிப்புச் செலவும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் பல தனியார் கல்லூரிகளில் அதைத் தாண்டிவிடுகிறது. மீதிக்குத் தனியார் வங்கிதான். அதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம்.

இதனால்தான் பலர் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஒரே உறுதிக் கடிதத்தை அனுப்புகிறார்கள். சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. நான் அதைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

மூன்றாம் ஆண்டு மாணவி | ஜனவரி 15

அங்கிள், பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் வகுப்பில் எல்லாரும் பேசுவது அதைத்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் மருத்துவக் கல்லூரி 2018இல் எல்லா மாணவருக்கும் கல்விக் கட்டணத்தை எடுத்துவிட்டது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் இருக்கும் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு 2024இல் ரூத் காட்ஸ்மன் 100 கோடி டாலர் கொடுத்தார், அங்கேயும் கட்டணம் இல்லை. இப்படி ஓர் இடத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் ஒருவர் வேறு கல்லூரிக்கு உறுதிக் கடிதம் எழுதும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

ஆனால் இரண்டு கல்லூரிகளுக்கு ஒரே வாக்கு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பணம் தெரியவில்லை என்றால் உறுதி வார்த்தையை விட்டுவிட்டு ஆர்வக் கடிதம் எழுதலாமே? அதில் பொய் எதுவும் இல்லை. எல்லாரும் இரண்டு மூன்று இடத்துக்கு எழுதினால், உண்மையாக ஒரே இடத்துக்கு எழுதும் பிள்ளையின் வார்த்தையையும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் மகனுடைய கடிதங்களுக்குப் பதில் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிளேனோ தந்தை | ஜனவரி 16

டெக்சாஸ் நிலவரத்தைச் சொல்கிறேன், இங்கே கணக்கே வேறு. அரசுக் கல்லூரிகளுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற டெக்சாஸின் தனி விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பம். முதலாண்டு இடங்களில் 90 விழுக்காடு டெக்சாஸ்வாசிகளுக்கு. அக்டோபர் 15 முதல் கல்லூரிகள் முன்கூட்டியே அனுமதி கொடுக்கலாம். அதன் பிறகு மாணவர்கள் நேர்காணல் முடிந்த கல்லூரிகளை விருப்ப வரிசையில் போடுவார்கள், கல்லூரிகளும் மாணவர்களை வரிசைப்படுத்தும். பிப்ரவரியில் இரண்டையும் பொருத்தி முடிவு வரும். உங்கள் வரிசையைக் கல்லூரி பார்க்க முடியாது.

என் மகள் ஒரு கல்லூரிக்குப் புதுத்தகவல் மட்டும் அனுப்பினாள். விருப்பத்தை வரிசையில் உண்மையாகப் போட்டாள். அவ்வளவுதான் செய்ய முடியும், அதுவே போதும்.

சிகாகோ ரெசிடென்ட் | ஜனவரி 16

பிளேனோ அண்ணன் சொன்னதுதான் இந்த இழையின் முடிச்சு என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவப் படிப்பு முடிந்து ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்போது நாங்கள் எல்லாரும் என்ஆர்எம்பி மேட்ச் என்ற, இரு பக்க விருப்ப வரிசைகளையும் பொருத்தும் முறையில் இருக்கிறோம். 1952இல் தொடங்கிய முறை அது. அதன் அடிப்படைக் கொள்கையை 1962இல் கேல், ஷாப்லி என்ற இருவர் கணிதமாக எழுதினார்கள். அந்த முறையைப் பின்னாளில் திருத்தி அமைத்த ஆல்வின் ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. மாணவர் தன் விருப்பத்தை உள்ளபடியே வரிசைப்படுத்தினால் அதனால் அவருக்கு நட்டம் வராது என்பதுதான் அதன் சிறப்பு. "எங்களை எங்கே வரிசைப்படுத்தியிருக்கிறாய், சொல்" என்று பயிற்சித் திட்ட இயக்குநர் என்னைக் கேட்கவே கூடாது என்பது விதி. நானாக விரும்பிச் சொல்லலாம், ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது.

எடிசன் அம்மா சொன்ன கவுன்சிலிங்கிலும் இதே குணம் இருக்கிறது. ரேங்க் வந்தது, இருக்கும் இடங்களில் பிடித்ததை எடுத்தோம். விருப்பத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆம்காஸ் வழிச் சேர்க்கையில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. மாணவருக்கு எந்தக் கல்லூரி முதலிடம் என்று கேட்கும் பெட்டி விண்ணப்பத்தில் எங்கேயும் கிடையாது. கல்லூரி ஊகிக்கிறது, மாணவர் ஊகிக்கிறார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தக் கடிதங்கள் பிறந்தன. ஆகவே எடிசன் அம்மா, கெஞ்சுவதாக நினைக்க வேண்டாம். கல்லூரிக்குத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லாத ஒரு செய்தியை உங்கள் மகள் தருகிறாள்.

ஃப்ரீமான்ட் ஐயாவின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தச் செய்தி உண்மையாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

ஃப்ரீமான்ட் அப்பா | ஜனவரி 17

தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். ஒருதலைப்பட்சம் என்ற என் மனக்குறை போகவில்லை, போகவும் போகாது. கல்லூரிகளும் உதவித்தொகை விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு அதன் பிறகு உறுதியை எதிர்பார்த்தால் இந்தச் சிக்கலே இருக்காது. ஆனால் இரண்டு இடத்துக்கு எழுதுவதற்கு இனி நான் சாக்குச் சொல்ல மாட்டேன்.

அட்லாண்டா வாசகி | ஜனவரி 17

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நாங்கள் இன்னும் எச்-4 என்ற சார்பு விசாவில் இருக்கிறோம், பச்சை அட்டை வரவில்லை. மகன் அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பான். நேர்காணல் கிடைத்தால் இப்படி உறுதிக் கடிதம் எழுதினால் உதவுமா?

ஓஹாயோ குடும்ப மருத்துவர் | ஜனவரி 17

அட்லாண்டா சகோதரி, உங்கள் சிக்கல் கடிதத்துக்கு வெகு முன்பே தொடங்குகிறது. பல கல்லூரிகள் குடிமக்களையும் பச்சை அட்டை உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. அந்த விதியை எந்தக் கடிதமும் அசைக்காது. மற்ற விசாக்காரர்களையும் ஏற்கும் கல்லூரிகள் எவை என்று ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் பார்த்து, மே மாதத்துக்குள் பட்டியல் போட்டுவிடுங்கள். அவர்களுக்கு மத்திய அரசுக் கடனும் கிடையாது என்பதால் பணக் கணக்கையும் இப்போதே போடுங்கள். இதற்குத் தனி இழை தொடங்கினால் நானும் வந்து எழுதுகிறேன்.

எடிசன் அம்மா | ஜனவரி 18

மூன்று நாட்களாக வீட்டில் இதே பேச்சுதான். பணக் கணக்கை உட்கார்ந்து போட்டோம். முதல் கல்லூரியில் உதவித்தொகை எதுவுமே கிடைக்காவிட்டாலும் சமாளிக்க முடியுமா என்று அவள் அப்பா கேட்டார். என் சம்பளம், அவர் சம்பளம், வீட்டுக் கடன், சின்னவனின் படிப்பு எல்லாம் போட்டுப் பார்த்தோம். இறுக்கமாக இருக்கும், ஆனால் முடியும். அதன் பிறகுதான் உறுதி வார்த்தை எழுதலாம் என்று முடிவு செய்தாள். இடம் கொடுத்திருக்கும் கல்லூரி இன்னும் நல்ல உதவித்தொகை தந்தாலும் மனம் மாற மாட்டாயே என்று கேட்டேன். "மாற மாட்டேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தே நம்பிவிட்டேன்.

புதிய கடிதம் இது:

"மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுவினருக்கு,

அக்டோபரில் உங்கள் கல்லூரியில் நேர்காணலில் கலந்துகொண்டேன். அன்று உங்கள் சிறுநீரகப் பேராசிரியர், தங்கள் மையத்துக்கு வரும் பலர் அவசரச் சிகிச்சையில்தான் முதன்முதலாகத் தங்கள் நோயை அறிகிறார்கள் என்று சொன்னார். ஆம்புலன்ஸ் தன்னார்வலராக அப்படிப்பட்டவர்களை நான் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருக்கிறேன். கதவுவரை கொண்டுசேர்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். உங்கள் மாணவர்கள் நடத்தும் இலவச மருத்துவமனையின் பரிசோதனைத் திட்டம் அவர்களை முன்கூட்டியே தேடிப் போகிறது. அந்த வேலையில் சேர விரும்புகிறேன்.

விண்ணப்பத்துக்குப் பின், செப்டம்பர் முதல் எங்கள் படையில் புதியவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். நான் பணியாற்றும் சிறுநீரக ஆய்வகத்தின் போஸ்டர் நவம்பரில் ஒரு மாநாட்டில் வைக்கப்பட்டது. அதில் நான் இரண்டாம் ஆசிரியர்.

உங்கள் கல்லூரியே என் முதல் தேர்வு. அனுமதி கிடைத்தால் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் விலகி இங்கே சேர்வேன். இந்த வாக்கை வேறு எந்தக் கல்லூரிக்கும் நான் தரவில்லை."

மூன்றாம் ஆண்டு மாணவி | ஜனவரி 18

ஆன்ட்டி, "கதவுவரை கொண்டுசேர்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும்" என்ற வரியை யார் சொன்னாலும் மாற்ற வேண்டாம். மிக அருமை.

பேராசிரியரின் பெயரை ஆங்கிலக் கடிதத்தில் சரியான எழுத்துக்கூட்டலோடு போடச் சொல்லுங்கள். பிடிஎஃப்பாகப் பதிவேற்றும் முன் ஆம்காஸ் எண்ணை மேலே எழுதிவிட வேண்டும். கடிதம் யாருடைய கோப்புக்குப் போக வேண்டும் என்பது அலுவலகத்தில் இருப்பவருக்கு உடனே தெரிய வேண்டும்.

ஓஹாயோ குடும்ப மருத்துவர் | ஜனவரி 18

நல்ல கடிதம். ஒரே ஒரு யோசனை. இந்தக் கல்லூரி ஒருமுறைதான் ஏற்கும் என்கிறீர்கள். முடிவுகள் மார்ச் வரை வருவதால் பிப்ரவரிவரை காத்திருக்கலாமா என்று கேட்பீர்கள். ஜனவரியிலேயே அனுப்பிவிடுங்கள். தொகுதி தொகுதியாக முடிவெடுக்கும் இடத்தில் இடங்கள் குறைந்துகொண்டே போகும். கட்டுரை ஏதாவது இரண்டு வாரத்தில் வெளிவருவது உறுதி என்றிருந்தால் மட்டும் காத்திருப்பதில் பொருள் உண்டு.

அனுப்பிய பிறகு மறுபடியும் மின்னஞ்சல் வேண்டாம். கிடைத்ததா என்று கேட்கவும் வேண்டாம், போர்ட்டலில் பதிவாகியிருந்தால் போதும். மார்ச்சில் காத்திருப்புப் பட்டியல் என்று வந்தால், அப்போது அவர்களின் விதி என்ன என்று மீண்டும் பாருங்கள். பட்டியலில் தொடர விருப்பமா என்று பல கல்லூரிகள் போர்ட்டலிலேயே கேட்கும். அதற்கு அன்றே பதில் கொடுத்துவிட வேண்டும். ஏப்ரல் 30க்குள் கையில் இருக்கும் கல்லூரியை 'பிளான் டு என்ரோல்' என்று குறிக்கலாம், அதனால் மற்ற பட்டியல்களில் இருக்கும் இடம் போகாது. 'கமிட் டு என்ரோல்' என்பதைக் குறித்தால்தான் மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும். அந்தக் கல்லூரி எந்தத் தேதிக்குள் அதைக் கேட்கிறது என்று இப்போதே நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

எடிசன் அம்மா | ஜனவரி 19

அனுப்பிவிட்டாள். ஆம்காஸ் எண், பேராசிரியர் பெயர் இரண்டையும் சரிபார்த்து, காலையில் அவளே பதிவேற்றினாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், போய் எட்டிப் பார்க்கவில்லை. ஏப்ரல் 30ஐயும், இடம் கொடுத்த கல்லூரி சொல்லும் தேதியையும் நாட்காட்டியில் எழுதிவிட்டோம். மார்ச்சில் எந்தப் பதில் வந்தாலும் இதே இழையில் வந்து சொல்கிறேன். அடுத்த ஆண்டு இதே கேள்வியோடு வருபவர்களுக்கு அது தேவைப்படும்.